வறுக்காத முந்திரி என்று ஒன்று கிடையாது

நெருப்பு பட்டால் உணவின் உயிர் போய்விடும் என்ற கருத்து சில காலமாக என்னை விடாமல் படுத்துகிறது. கொடைக்கானலில் அப்படி நம்புகிறவர்கள் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். வட்டக்கானலில் அறை எடுத்து மாதக்கணக்கில் தங்குகிறவர்கள், வேலையை விட்டுவிட்டு வில்பட்டிப் பக்கம் நிலம் வாங்கிக் குடியேறியவர்கள், உடம்புக்கு வந்த ஏதோ ஒரு கஷ்டத்துக்குப் பிறகு சமைத்த உணவை நிறுத்தியவர்கள். அவர்களில் ஒருவர் எனக்குத் தம்பி போன்றவர். வீட்டுக்காக நான் அரைக்கும் நட் பட்டரில், அதாவது பருப்பை எண்ணெய் விடும்வரை அரைத்த வெண்ணெய் போன்ற விழுதில், ஒரு பாட்டில் அவருக்கும் போகும். வேர்க்கடலையை இளம் சூட்டில் வறுத்து அரைத்ததைத்தான் கொடுத்துவந்தேன். ஒரு மழைக்காலத் தொடக்கத்தில் அவர், "அக்கா, இனி வறுக்காமல் செய்யுங்கள். 48 டிகிரிக்கு மேல் போனால் அதிலுள்ள நொதிகள் எல்லாம் அழிந்துவிடும். முடிந்தால் முந்திரியில் செய்யுங்கள், அதில் எந்தப் பாவமும் இல்லை" என்றார். அவர் சொன்னதில் ஒரு பகுதியைச் செய்து பார்க்கும் ஆசை உடனே வந்தது. இன்னொரு பகுதி இன்றுவரை செரிக்கவில்லை.

மாட்டுக்கு நோகக்கூடாது என்று நான் பாலை விட்டதை முன்பே எழுதிவிட்டேன், மறுபடியும் அதற்குள் போகவில்லை. இந்த ஊரில் பாலை விட்டவளுக்கு நட் பட்டர் எவ்வளவு பெரிய துணை என்பதை மட்டும் சொல்ல வேண்டும். கொடைக்கானல் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரிக் காலைகளில் உடம்பு கொழுப்பைக் கேட்கும். பேக்கரி ரொட்டியும் வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் ஊரின் பழக்கத்திலேயே ஊறியவை. அமெரிக்க மிஷனரிகள் 1845-இல் இங்கே வந்து வீடு கட்டினார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்காக 1901-இல் தொடங்கிய பள்ளி இன்றும் ஏரிக்குப் பக்கத்தில் நடக்கிறது. கீழே சமவெளியில் பீநட் பட்டர் என்றால் என்னவென்று கேட்ட காலத்திலேயே இங்குள்ள கடைகளில் அது பாட்டிலில் கிடைத்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆகவே ரொட்டியில் கடலை விழுதைத் தடவித் தின்பதை எங்கள் தெருவில் யாரும் புதுமையாகப் பார்ப்பதில்லை. சப்பாத்திக்கு, கஞ்சிக்கு, குருமாவில் முந்திரி விழுதும் பாலேடும் சேரும் இடத்துக்கு, எல்லாவற்றுக்கும் எனக்கு இதுதான். நூறு கிராம் வேர்க்கடலையில் 25 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது, பாதாமில் 21, முந்திரியில் 18. பி12 மட்டும் இதில் எதிலும் கிடையாது. அதற்கு மாத்திரை போடுகிறேன். பாலோடு முட்டையும் இறைச்சியும் விட்ட எவரும் போட வேண்டும்.

நொதி வாதத்தை நான் ஏற்கவில்லை. செரிமானத்துக்குத் தேவையான நொதிகளை நம் உடம்பே சுரக்கிறது, உணவோடு போகும் நொதிகளில் பெரும்பாலானவற்றை வயிற்று அமிலமே சிதைத்துவிடும். ஆனால் வறுக்காத பாதாமுக்கு ஒரு சுவை இருக்கிறது. வறுத்தால் அந்தப் பால் மணம் ஓடிப்போய் அதன் இடத்தில் வேறொரு மணம் வந்து உட்கார்ந்துவிடுகிறது. அந்தச் சுவைக்காகவே நான் இதில் இறங்கினேன்.

ஈரம்

வறுத்த கடலை மிக்ஸியில் எளிதாக இளகிவிடும். வறுக்கும்போது பருப்பிலுள்ள ஈரம் போய்விடுகிறது, செல் சுவர்கள் நொறுங்கும் பதத்துக்கு வருகின்றன, உள்ளே நுண்ணிய துளிகளாக அடைந்திருக்கும் எண்ணெய் வெளியே வரக் காத்திருக்கிறது. வறுக்காத பருப்பு அப்படி இல்லை. முதலில் மாவாகும். பிறகு ஜாடியின் சுவரில் ஒட்டிக்கொண்டு அப்படியே நிற்கும். சுரண்டிவிட்டு மறுபடி ஓட்டினால் ஒரு உருண்டையாகத் திரளும். இங்கேதான் பலர் கைவிட்டு எண்ணெய் ஊற்றிவிடுகிறார்கள், இன்னும் சிலர் தண்ணீர் ஊற்றுகிறார்கள். தண்ணீர் ஊற்றினால் கதை முடிந்தது. எண்ணெயில் மிதந்துகொண்டிருக்க வேண்டிய புரதமும் மாவுச்சத்தும் அந்த நீரை உறிஞ்சி ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும், கலவை கெட்டியாகி நிற்கும். இன்னும் ஊற்றினால் இளகும், ஆனால் அது சட்னி. நட் பட்டர் மாதக்கணக்கில் நிற்பதே அதில் நீர் இல்லாததால்தான். சட்னி ஃபிரிட்ஜில் வைத்தாலும் சில நாள்தான் தாங்கும்.

கொடைக்கானலில் தண்ணீரை யாரும் ஊற்றவே வேண்டாம், அதுவாக வந்து சேரும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, மழை இல்லாத நேரத்தில் பனிமூட்டம். சன்னல் திறந்திருந்தால் மூட்டம் நேராகச் சமையலறைக்குள் நுழையும். உப்பு கசியும், அப்பளம் நமுத்துப்போகும், பாதாம் பல்லில் படும்போது நொறுங்காமல் வளையும். அந்தப் பாதாமை எவ்வளவு நேரம் அரைத்தாலும் வெண்ணெய் ஆகாது. பருப்பு வகைகளை இரவு ஊறவைத்துத் தோலுரித்து அரைப்பதுதான் உடம்புக்கு நல்லது என்று சமைக்காத உணவுக்காரர்கள் சொல்வார்கள். தாதுச்சத்துகளை உடம்பு ஏற்கவிடாமல் தடுக்கும் பைட்டிக் அமிலம் ஊறினால் குறையும் என்பது அவர்களுடைய வாதம். ஊறிய பாதாமை இங்கே எங்கே காயவைப்பது? வெயில் இல்லை. சரியாகக் காயாத பருப்பை அரைத்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும். டீஹைட்ரேட்டர் வாங்கினால் ஒரு கைப்பிடிப் பாதாமுக்காக இரவெல்லாம் மின்சாரம் ஓட வேண்டும்.

பூம்பாறைப் பக்கத்தில் மலைப்பூண்டைக் கொத்துக் கொத்தாகக் கட்டி அடுப்புப் புகை எட்டும் உயரத்தில் தொங்கவிடுவார்கள். அந்தப் பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மூட்டத்துக்குள் வாழ்கிறவர்கள் உணவை உலர்த்துவதற்கு அடுப்பின் மேல் பகுதியை விட்டால் வேறு இடம் தேடுவதில்லை. நானும் அதையே செய்தேன். எங்கள் வீட்டுக் குளிர்காயும் அடுப்பின் மேல், நெருப்பிலிருந்து ஒரு முழத்துக்கும் மேலே, மூங்கில் தட்டில் வெள்ளைத்துணி விரித்துப் பருப்பைப் பரப்பினேன். கையை வைத்துப் பார்த்தால் இதமாக இருக்கும் அளவுக்கே சூடு. இரண்டு இரவுகளில் பாதாம் மறுபடி நொறுங்கும் பதத்துக்கு வந்தது. கொஞ்சம் புகைவாசம் ஏறியது, அது எனக்குப் பிடித்தும் போனது. ஊறவைக்கும் வழக்கத்தை மட்டும் மழை மாதங்களில் முழுவதுமாக விட்டுவிட்டேன். ஊறாத பருப்பை இதே தட்டில் ஓர் இரவு வைத்தால் போதும்.

48 டிகிரி

அடுத்தது சூடு. சமைக்காத உணவுக்காரர்களின் கோடு 118 டிகிரி ஃபாரன்ஹீட்டில் இருக்கிறது, அதாவது ஏறக்குறைய 48 டிகிரி செல்சியஸ். நம் வீட்டு மிக்ஸியின் பிளேடு சுழலும் வேகத்தில் பருப்போடு உரசினாலே சூடு பிறக்கும். சாக்லேட் வேலைக்கு வைத்திருந்த தெர்மாமீட்டரை ஜாடிக்குள் நுழைத்துப் பார்த்தேன். பாதாம் இளகத் தொடங்கும் கட்டத்தில் முள் அறுபதைத் தாண்டியிருந்தது. உண்மையில் அந்தச் சூடு உதவி செய்கிறது, எண்ணெயை இளக்கி வெளியே கொண்டுவருகிறது. சூடே ஆகக்கூடாது என்று விட்டு விட்டு ஓட்டினால், இந்தக் குளிரில் கலவை ஜாடியில் கெட்டிப்பட்டு மோட்டார் திணறும். அடியிலிருக்கும் சிவப்புப் பொத்தான் வெளியே தள்ளிக்கொண்டு மிக்ஸி நின்றுவிடும். மோட்டார் ஆறும்வரை காத்திருந்து, பொத்தானை அமுக்கிவிட்டு, மறுபடியும் தொடங்க வேண்டும். "மிக்ஸியில் செய்த பச்சை நட் பட்டர்" என்று எங்காவது படித்தால், அதில் 48 டிகிரிக் கணக்கு நின்றிருக்க வாய்ப்பு குறைவு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கல்தான் வழி. நம் வீடுகளில் இட்லி மாவுக்கு வைத்திருக்கும் கிரைண்டர் இந்த வேலைக்காகவே பிறந்தது என்று நினைக்கும் அளவுக்கு எனக்கு அதன்மேல் மதிப்பு வந்துவிட்டது. 1955-இல் கோயம்புத்தூரில் சபாபதி என்பவர் ஆட்டுக்கல்லுக்கு மோட்டார் பூட்டி உருவாக்கிய இயந்திரம் அது. கோயம்புத்தூர் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. இன்று வெளிநாடுகளில் கொக்கோ விதையிலிருந்து சாக்லேட் செய்யும் சிறு தொழில்காரர்கள் நம் ஊர்க் கல் கிரைண்டரின் வழிவந்த இயந்திரங்களில்தான் நாள்கணக்கில் அரைக்கிறார்கள். கல் மெதுவாகச் சுற்றும், உரசி அல்ல, நசுக்கி அரைக்கும், சூடு அதிகம் ஏறாது.

ஆனால் அதில் முதலில் ஒரு பெரிய தடை இருக்கிறது. மாவு அரைத்துக் கழுவிய கல்லின் துளைகளில் ஈரம் நிற்கும், கண்ணுக்குத் தெரியாது. அடுப்புக்கருகே கல்லைக் கவிழ்த்து வைத்து, மறுநாள் ஒரு பிடி காய்ந்த அரிசியைப் போட்டு ஓட்டி, அந்த மாவைக் குருவிக்குப் போட்டுவிட்டுத்தான் பருப்பைத் தொடுவேன். முழுப் பருப்பைக் கொட்டினால் கல் தூக்கிக்கொள்ளும். மிக்ஸியில் சில நொடிகள் மட்டும் ஓட்டிப் பொடியாக்கி, அந்தப் பொடியைக் கரண்டி கரண்டியாகச் சேர்க்க வேண்டும். முதல் அரைமணி நேரம் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். ஓரங்களை வழித்துவிட்டுக்கொண்டே இருந்தால் பொடி ஈர மணலின் நிறத்துக்கு மாறும். பிறகு கல்லுக்கடியில் மினுமினுப்புத் தெரியும். அதற்கப்புறம் நம் கையில் வேலை இல்லை. ஒன்றரை மணி நேரம் கழித்துக் கரண்டியால் எடுத்தால் நாடா மாதிரி இறங்கும். தெர்மாமீட்டர் நாற்பதைத் தொடவில்லை. அந்தப் பாதாம் பட்டரை வெறும் விரலில் எடுத்துச் சுவைத்தபோது, தம்பியின் கோரிக்கையில் ஒரு நியாயம் இருந்தது என்று மனசார ஒப்புக்கொண்டேன்.

பாதாமைப் பற்றி இன்னொரு சங்கதி. அமெரிக்காவில் வறுக்காத பாதாம் என்று விற்பதும் பெரும்பாலும் நீராவியோ வேதிவாயுவோ கண்டதே. 2001-இலும் 2004-இலும் பாதாமிலிருந்து சால்மோனெல்லா தொற்றுகள் பரவியதால், 2007 செப்டம்பரிலிருந்து கலிபோர்னியப் பாதாமை நீராவியாலோ வேதிவாயுவாலோ கிருமி நீக்கம் செய்த பிறகே வட அமெரிக்கச் சந்தையில் விற்க வேண்டும் என்று விதி வந்தது. இந்தியாவுக்கு வரும் பாதாமில் பெரும்பகுதி ஓட்டோடு கப்பலேறி வருகிறது, அந்த விதி அதற்குப் பொருந்தாது. நம் மளிகைக்கடையில் கிடைப்பதுதான் கூடுதல் பச்சை. அது நல்லதா என்பது வேறு கேள்வி. வறுக்காத பருப்பில் கிருமி இருந்தால் அரைப்பதால் அது சாகாது. கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் வறுக்காததை நான் கொடுப்பதில்லை.

சேங்கொட்டையின் உறவு

முந்திரிக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுத வைத்ததே அதுதான்.

எங்கள் தெருவில் தையல் வேலை செய்யும் ஒரு பெண் இருக்கிறார். பண்ருட்டிப் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்தவர். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர்க் கரையில் ஏறியபோது அவர்கள் குடும்பத்தின் முந்திரி மரங்கள் வேரோடு சாய்ந்தன. அந்த மாவட்டத்தில் முந்திரியும் பலாவும் அப்படிச் சாய்ந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. புதுக் கன்று நட்டு அது காய்க்கும்வரை காத்திருக்க முடியாமல், கட்டட வேலைக்குப் போன கணவரோடு மலைக்கு வந்துவிட்டார். என் சன்னல் திரைகளைத் தைத்துக் கொடுக்க வந்த அன்று, அடுப்பின் மேல் மூங்கில் தட்டில் முந்திரி காய்ந்துகொண்டிருந்தது. வெள்ளையாக, முழு முழுப் பருப்பாக, பார்க்கவே அழகாக இருந்தது. ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "எதற்கு அக்கா இதைக் காயவைக்கிறீர்கள்? இது ஏற்கெனவே வெந்து காய்ந்ததுதானே" என்றார்.

வறுக்காத முந்திரி என்று எழுதியிருந்த பையை எடுத்துக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை, விளக்கமாகச் சொன்னார். அவர்கள் ஊரில் பருப்பை முந்திரிப் பயிறு என்பார்கள். கொட்டையை முதலில் வெயிலில் காயப்போட வேண்டும். பிறகு பாய்லரில் நீராவியில் அவிக்க வேண்டும். அவித்ததை ஓர் இரவு ஆறவிட்டு, மறுநாள் ஒவ்வொரு கொட்டையாகக் கத்திகளுக்கு நடுவில் வைத்துக் காலால் மிதித்து உடைத்து, ஊசியால் பயிற்றை நோண்டி எடுக்க வேண்டும். அந்தப் பயிறு போர்மா என்னும் சூட்டறைக்குள் மணிக்கணக்கில் இருக்கும், அப்போதுதான் மேல்தோல் கழன்று வரும். அங்கே சூடு ஏறக்குறைய 70 டிகிரி. தோலுரித்து, முழுசு, பாதி, துண்டு என்று பிரித்து, முழுசை எண்ணிக்கைப்படி தரம் பிரித்துத்தான் டின்னில் அடைப்பார்கள். கடையில் 320 என்று கேட்டு வாங்குகிறோமே, ஒரு பவுண்டுக்கு ஏறக்குறைய அத்தனை பருப்பு நிற்கும் என்பதுதான் அதன் கணக்கு. எண்ணிக்கை குறையக் குறையப் பருப்பு பெரிது, விலையும் பெரிது.

பச்சையாக ஏன் உடைக்க முடியாது என்று கேட்டேன். அதற்குப் பதிலாக இடது கையை நீட்டினார். கட்டைவிரலிலும் சுட்டுவிரலிலும் தோல் கறுத்து, ரேகை மழுங்கி, ஓர் இடத்தில் பளபளவென்று இழுத்துப் பிடித்தது போல இருந்தது. ஊரை விட்டு வந்து எத்தனையோ வருடங்கள் ஆகியும் அது மாறவில்லை. "அவித்த கொட்டையிலேயே இப்படி, பச்சைக் கொட்டையாக இருந்தால் கையே இருக்காது" என்றார். விளக்கெண்ணெயைத் தடவிக்கொண்டு, சாம்பலைப் பூசிக்கொண்டு உட்காருவார்களாம். கையுறை போட்டால் கொட்டை வழுக்கும், வேகம் வராது, கூலி கிலோக் கணக்கு. அவர் வேலை செய்த இடத்தில் பயிறு உடைந்துபோனால் அதற்கும் கூலி குறைந்தது. அதனால் வெறுங்கை.

முந்திரிக்கொட்டையின் ஓட்டுக்கு நடுவில் தேன்கூடு போன்ற ஓர் அடுக்கு இருக்கிறது, அதற்குள் கறுப்பு எண்ணெய். அனகார்டிக் அமிலமும் கார்டாலும் அதில் இருக்கின்றன. தோலில் பட்டால் கொப்புளிக்கும். முந்திரி, மா, சலவைக்காரர்கள் துணியில் குறி போடும் சேங்கொட்டை மூன்றும் ஒரே தாவரக் குடும்பம். மாங்காய்ப் பால் உதட்டில் பட்டுப் புண்ணானவர்களுக்கும், சேங்கொட்டையின் கறை பட்டு உடம்பு தடித்தவர்களைப் பார்த்தவர்களுக்கும் நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. அந்த எண்ணெய் பருப்பில் ஒட்டாமல் இருக்கவும், ஓடு பிளக்கவும் நெருப்பு வேண்டும். அதாவது நம் கடைகளில் வழக்கமாகக் கிடைக்கும் முந்திரி எதுவும் நெருப்பைக் காணாதது அல்ல. 48 டிகிரி என்று வைத்த கோடு அது நம் வீட்டு வாசலுக்கு வரும் முன்பே எப்போதோ தாண்டப்பட்டுவிட்டது. அது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. அந்த இடது கை தெரிந்தது.

ஒரு மாட்டுக்கு நோகக்கூடாது என்று நான் வெண்ணெயை விட்டேன். விட்டதில் எனக்கு எந்த மறுயோசனையும் இல்லை. அதன் இடத்தில் கொண்டுவந்து வைத்த முந்திரி பட்டரில் வேறொருவர் நோவு இருக்கிறது, அதைப் பாவமே இல்லாத உணவு என்று ஒருவரும் சொல்ல முடியாது. அன்று தட்டிலிருந்த முந்திரியை அரைத்தேன். நன்றாகத்தான் வந்தது, மற்ற எந்தப் பருப்பையும்விட மழமழப்பாக, இனிப்பாக. தம்பிக்கு அந்தப் பாட்டிலோடு இந்தக் கதையையும் சேர்த்து அனுப்பினேன். அவருடைய பதில் எனக்கு வருத்தம் தந்தது. கம்போடியாவில் நெருப்பே காட்டாமல் கையால் உடைக்கும் முந்திரி கிடைப்பதாகவும், விலை கூடுதலானாலும் அதை வரவழைக்கலாம் என்றும் எழுதியிருந்தார். நான் சொன்ன கை அவர் கண்ணில் படவே இல்லை. நெருப்புக் காட்டாத கொட்டையை உடைக்கும் இன்னொரு நாட்டுப் பெண்ணின் கை எப்படி இருக்கும் என்று திருப்பிக் கேட்டேன். எங்களுக்குள் பேச்சு குறையவில்லை, ஆனால் இதில் அவர் ஒரு கரையிலும் நான் ஒரு கரையிலும்தான் நிற்கிறோம்.

வாங்காமல் இருப்பது

முந்திரியை அடியோடு விட்டுவிடுவதே சரி என்று சில வாரங்கள் நினைத்தேன். அதைத் தையல்காரப் பெண்ணிடம் சொன்னபோது அவர் ஊசியை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்கள் வாங்காவிட்டால் என் நாத்தனாருக்கு யார் அக்கா வேலை கொடுப்பார்கள்? கையுறை போட்டு உடைத்தாலும் அதே கூலி வரும்படி செய்யச் சொல்லுங்கள்" என்றார். இந்த ஒரு வாக்கியத்தை எத்தனையோ நாள் மனசுக்குள் உருட்டிப் பார்த்துவிட்டேன். மாட்டைப் பற்றிப் பேசும்போது மாடு திரும்பப் பேசுவதில்லை. இங்கே பேசுகிற ஒருவர் இருக்கிறார், அவருக்கு என்ன வேண்டும் என்பதும் அவருக்குத் தெளிவாகத் தெரிகிறது. அதைக் கேட்காமல் நான் என் மனசுக்குச் சமாதானமாக ஒன்றை முடிவு செய்தால், அது அவருக்கு எந்த விதத்தில் உதவும்?

பாதாமுக்குத் தாவியும் தப்பிக்க முடியவில்லை. ஓட்டோடு வரும் அந்தப் பாதாமை உடைப்பவர்களும் பெண்களே. டெல்லியின் கராவல் நகரில் வீடுகளிலும் கொட்டகைகளிலும் மூட்டைக் கணக்கில் பாதாம் உடைத்துக் கொடுத்தவர்கள் 2009 டிசம்பரில் கூலிக்காக வேலைநிறுத்தம் செய்தார்கள். நம் ஆலைகளில் உடையும் முந்திரிக்கொட்டையிலும் கணிசமான பங்கு ஐவரி கோஸ்ட் போன்ற மேற்கு ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து கப்பலில் வருவது, அங்கே பொறுக்கிச் சேர்த்தவர்களின் கதை இன்னொன்று.

இப்போது என் சமையலறையில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். தினப்படிக்கு வேர்க்கடலை. வத்தலக்குண்டிலிருந்து ஓட்டோடு வரும் உள்ளூர்க் கடலை, விரலால் அமுக்கினாலே ஓடு உடையும், யார் கையையும் சுடாது. அதை வறுக்காமல் அரைத்துப் பார்த்தேன். பச்சைப் பயறு வாசம் அடித்தது, எனக்குப் பிடிக்கவில்லை. வேர்க்கடலை பயறு வகைதானே, நெருப்பு அதற்கு வேண்டும் என்பதே என் முடிவு. பச்சைக் கடலை பித்தம் என்று வீடுகளில் சொல்லி வந்ததையும் நான் தள்ளிவிட மாட்டேன். இரும்புச் சட்டியில் மணல் போட்டு, தோல் வெடிக்கும் வரை மட்டும் வறுக்கிறேன். வறுப்பதற்கு முன் செய்யும் ஒரு வேலையை மட்டும் எதற்காகவும் விடுவதில்லை: சுருங்கியது, நிறம் மாறியது, பூஞ்சை வாடை அடிப்பது எல்லாவற்றையும் பொறுக்கி எறிவது. ஈரத்தில் கிடந்த கடலையில் வளரும் பூஞ்சை அஃப்ளாடாக்ஸின் என்ற நஞ்சைச் சுரக்கிறது. 1960-இல் இங்கிலாந்தில் கெட்டுப்போன கடலைப் புண்ணாக்கைத் தின்று ஏறக்குறைய ஒரு லட்சம் வான்கோழிக் குஞ்சுகள் செத்தபோதுதான் உலகம் அதைக் கண்டுகொண்டது. வீட்டு வறுப்பில் அந்த நஞ்சு முழுதாக அழியாது. ஆகவே பச்சையா வறுத்ததா என்று வாதிடும் நேரத்தில் கடலையைப் பொறுக்கிவிடலாம். மூட்டம் பிடித்த ஊரில் கடலையை மூட்டையாக வாங்கி வைக்கவும் கூடாது, மாதத்துக்கு வேண்டியது மட்டும்.

வறுக்காத பட்டர் வேண்டும் என்ற என் சொந்த ஆசைக்குக் கொப்பரை இருக்கிறது. கீழ்ப்பழனி மலையின் அடிவாரத்தில், ஐயம்பாளையம் பக்கம் தென்னந்தோப்புகள் நிறைய. வெயிலில் காய்ந்த கொப்பரையை மெல்லியதாகச் சீவிக் கல்லில் ஓட்டினால் அருமையாக இளகி வருகிறது. பாட்டிலில் ஊற்றியதும் இந்த ஊர்க் குளிரில் கட்டியாக உறைந்துவிடும், தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே நீராக நிற்காது அல்லவா. கடலை பட்டரில் நாலில் ஒரு பங்கு இதைக் கலந்தால் மேலே எண்ணெய் பிரியாமல், ரொட்டியில் வெண்ணெயைப் போலவே தடவ வருகிறது. இனிப்பு வேண்டுமென்றால் கருப்பட்டியை நன்றாக உலர்த்திப் பொடித்துச் சேர்க்க வேண்டும், பாகு ஊற்றினால் நீர் சேர்ந்து பட்டர் இறுகிவிடும். அக்ரூட்டில் செய்பவர்கள் கொஞ்சமாகச் செய்யுங்கள், அதன் எண்ணெய் சீக்கிரம் சிக்கடிக்கும்.

முந்திரியையும் நான் விடவில்லை. பண்டிகைக்கும், தம்பியைப் போன்றவர்கள் கேட்கும்போதும் மட்டும் அரைக்கிறேன், அதுவும் துண்டு முந்திரியில். அரைத்து விழுதாக்கப் போகும் பருப்புக்கு முழுசு எதற்கு? முழுசாக வர வேண்டும் என்ற கெடுபிடிதான் அந்தப் பெண்களின் கையுறையைக் கழற்றி வைக்கிறது. தையல்காரப் பெண்ணின் நாத்தனார் வேலை செய்யும் இடம் சிறியது, குடும்பமாக நடத்துகிறார்கள். மார்ச் மாதம் முந்திரிப் பருவத்தில் தையல்காரப் பெண் ஊருக்குப் போகிறார். கையுறை போட்டு உடைத்த துண்டுப் பயிறு தனியாகக் கிடைத்தால் கிலோவுக்கு முழு முந்திரியின் விலையே தருகிறேன், அந்த அதிகப்படி உடைத்தவர்களுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று சொல்லி அனுப்பப்போகிறேன். ஐந்து கிலோ நான் எடுத்துக்கொள்வேன், இங்கே இன்னும் மூன்று வீடுகளில் பேசி வைத்திருக்கிறேன். அவ்வளவு சிறிய ஆர்டருக்கு அவர்கள் தனியாக வேலையை மாற்றுவார்களா என்று அவருக்கே சந்தேகம் இருக்கிறது. கேட்டுப் பார்க்கிறேன் என்றிருக்கிறார்.